'அரசு அங்கீகாரம் பெற்றது' என்றால் என்ன?

பிளஸ் டூ முடிவு வெளியான மறுநாளே எங்கள் பகுதியில் நோட்டீஸ் மழை தொடங்கிவிடும். நாமக்கல், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் என எந்த ஊர் பேருந்தில் ஏறினாலும் முன்சீட்டின் முதுகில் ஒரு நர்சிங் கல்லூரி ஒட்டியிருக்கும். ஜேடர்பாளையம் படுகை அணையைப் பார்க்க வருகிறவர்களின் வண்டியிலும் ஒன்றைச் செருகிவிட்டுப் போவார்கள். விடுதி வசதி, பேருந்து வசதி, நூறு விழுக்காடு வேலை, வெளிநாட்டு வாய்ப்பு. இவற்றோடு எல்லா நோட்டீசிலும் தவறாமல் ஒரு வரி: 'அரசு அங்கீகாரம் பெற்றது.'

எந்த அரசு? எந்தப் படிப்புக்கு? எத்தனை இடங்களுக்கு? எந்த ஆண்டுக்கு? நோட்டீஸ் சொல்லாது. அந்த நான்கு கேள்விகளுக்கான விடையில்தான் ஒரு பெண்ணின் மூன்று நான்கு ஆண்டுகளும் ஒரு குடும்பத்தின் கடனும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஒடுக்கப்பட்ட மாணவர்களின் கல்வி உதவித்தொகை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். மே, ஜூனில் ஊரில் இருந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது என் வேலை. கரும்பு வெட்டப் போகும் ஓர் அம்மா, மகளுக்காக வாங்கிவந்த கல்லூரி ஃபைலை நீட்டி, "இதுல கவர்மென்ட் சீல் இருக்குதான்னு பாரு கண்ணு, எங்களுக்கு என்ன தெரியுது" என்றார். சீல் இருந்தது. அறக்கட்டளையைப் பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தின் சீல். அப்படி ஓர் அறக்கட்டளை இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அங்கே படித்தால் செவிலியர் ஆகலாம் என்பதற்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை.

'நல்ல கல்லூரியாகப் பார்த்துச் சேர்' என்பதுதான் நம் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை. நல்ல கல்லூரி எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை 17 வயதுப் பெண்ணின் தலையில் வைப்பது அறிவுரை ஆகாது, கைகழுவல். அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது அரசின் வேலை. அரசு அதை ஒழுங்காகச் செய்யும்வரை அது நம் இயக்கங்களின் வேலை. இதைத்தான் இந்தக் கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறேன். அதற்கு முதலில் அங்கீகாரம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு காகிதங்கள்

தமிழ்நாட்டில் ஒரு தனியார் நிறுவனம் செவிலியர் படிப்பு நடத்த நான்கு காகிதங்கள் முக்கியம்.

முதலாவது, மாநில அரசின் அனுமதி ஆணை.

இரண்டாவது, இந்திய நர்சிங் கவுன்சில். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்த அமைப்புதான் நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தையும் குறைந்தபட்சத் தரத்தையும் வகுக்கிறது. தகுதியுள்ள நிறுவனங்களின் பட்டியலை மாநிலவாரியாக, படிப்புவாரியாக, இடங்களின் எண்ணிக்கையோடு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலியர் ஆணையத்துக்கான புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அமைப்பின் பெயர் மாறலாம், நாம் கேட்க வேண்டிய கேள்வி மாறாது.

மூன்றாவது, தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில். சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. செவிலியர் பதிவேடு இவர்களிடம்தான் இருக்கிறது. படித்து முடித்தவரின் பெயர் இந்தப் பதிவேட்டில் ஏறினால்தான் அவர் சட்டப்படி செவிலியர்.

நான்காவது, பல்கலைக்கழக இணைப்பு. பி.எஸ்சி. நர்சிங் போன்ற பட்டப் படிப்புகளுக்கு மட்டும் இது தேவை. கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதைத் தருகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே பட்டம் கொடுப்பவை. ஆனால் அவற்றின் மாணவிகளும் பதிவேட்டுக்கு கவுன்சிலிடம்தான் வர வேண்டும். ஜி.என்.எம். பட்டயப் படிப்புக்குப் பல்கலைக்கழக இணைப்பு கிடையாது, கவுன்சிலின் அங்கீகாரமே அதற்கு உயிர்.

படிப்புகளின் கால அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. ஆறு மாதத்தில், ஓராண்டில் 'நர்சிங்' என்று யாராவது சொன்னால், அந்தப் படிப்பால் பதிவேட்டில் பெயர் ஏறாது. உதவியாளர் வேலைக்கான பயிற்சியாக அதற்கு ஒரு மதிப்பு இருக்கலாம். ஆனால் உதவியாளர் பயிற்சியைச் செவிலியர் படிப்பு என்று விற்பது மோசடி.

நோட்டீசில் வேறு சில முத்திரைகளும் மின்னும். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் நிர்வாக முறைக்கானது, பாடத்துக்கும் பட்டத்துக்கும் அதில் சம்பந்தம் இல்லை. 'நாக்' தரம் 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய அமைப்பு தருவது. கல்லூரியின் பொதுத் தரத்தை அது மதிப்பிடலாம், ஆனால் செவிலியர் பதிவேட்டின் கதவை அதனால் திறக்க முடியாது. இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரே வளாகத்தில் ஒரே அறக்கட்டளை மருந்தியல் கல்லூரியும் நர்சிங் பள்ளியும் நடத்தும். மருந்தியலுக்கு வாங்கிய அங்கீகாரத்தை வளாகம் முழுவதற்கும் பந்தல் போட்டதுபோல் விரித்துக் காட்டுவார்கள். 40 இடங்களுக்கு அனுமதி வாங்கிவிட்டு அதற்குமேல் சேர்த்தால், கூடுதலாகச் சேர்ந்த பிள்ளையின் கதி என்ன? அதனால்தான் 'எந்தப் படிப்புக்கு, எத்தனை இடத்துக்கு, எந்த ஆண்டுக்கு' என்று கேட்கச் சொல்கிறேன்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன போகும்?

எல்லாமே போகும். பதிவேட்டில் பெயர் இல்லாமல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. வளைகுடாவோ பிரிட்டனோ போக வேண்டுமானால் மாநில கவுன்சிலின் பதிவைத்தான் முதலில் சரிபார்ப்பார்கள். உதவித்தொகை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படிப்பவர்களுக்குத்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அப்படியே.

இங்கே சாதி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வசதியும் உறவும் உள்ள வீட்டுப் பெண் அங்கீகாரமில்லாத கல்லூரியில் சிக்கினால் ஓராண்டு போகும், அடுத்த ஆண்டு வேறு கல்லூரிக்குப் போவாள். வெல்ல ஆலைக் கொட்டகையில் முன்பணம் வாங்கி, மகளிர் குழுக் கடன் எடுத்துச் சேர்த்துவிட்ட வீட்டில் இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. அந்தப் பெண் நேராகக் கல்யாணத்துக்கோ ஸ்பின்னிங் மில்லுக்கோ போகிறாள். அல்லது ஏதாவது ஒரு சிறிய மருத்துவமனையில் வெள்ளை உடை போட்டுக்கொண்டு, செவிலியர் செய்யும் எல்லா வேலையையும் செய்துகொண்டு, சம்பளத்தில் மட்டும் செவிலியர் ஆகாமல் காலம் தள்ளுகிறாள். நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி முதலில் அவள் மேல்தான் விழும்.

தகவலும் ஒரு சொத்து. நிலத்தைப் போலவே அதுவும் இங்கே சாதிவாரியாகத்தான் பங்கிடப்பட்டிருக்கிறது. ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் சந்தேகம் வந்தால் மருத்துவராக இருக்கும் மாமாவுக்கோ கல்லூரி நடத்தும் பங்காளிக்கோ ஒரு போன் போதும். சேரியிலோ சக்கிலியர் தெருவிலோ சந்தேகம் வந்தால் கேட்பதற்கு இருப்பவர் ஏஜென்ட் மட்டும்தான். சேர்க்கைக்குக் கமிஷன் வாங்குகிறவரிடம் 'கல்லூரி நல்லதுங்களா' என்று கேட்கும் நிலையில் ஒரு சமூகத்தை வைத்திருக்கிறோம்.

பதிவேட்டின் பழைய கணக்கு

பதிவேட்டுக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததில்லை. தமிழ்நாட்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்களில் பெரும்பான்மையோர் மருத்துவர் சமூகப் பெண்கள். சாதி இந்துக்கள் இழிபெயர் சொல்லி அழைத்த, கொல்லைப்புற வாசல் வழியாக மட்டும் உள்ளே விட்ட மருத்துவச்சிகள். குழந்தையைக் கையில் ஏந்திய அதே கை தீட்டு என்று ஒதுக்கப்பட்டது. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மகப்பேறு செவிலியருக்கான சட்டம் வந்து பதிவேடு திறக்கப்பட்டபோது, பள்ளியில் பயின்று சான்று பெற்றவர்களுக்கு அது இடம் தந்தது. கையால் கற்ற மருத்துவச்சிக்கு அந்தப் பதிவேட்டில் சமமான இடம் இல்லை. பாதுகாப்பான பிரசவத்துக்குப் பயிற்சி தேவை என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தப் பயிற்சிக்குள் முதலில் அழைத்துவரப்பட வேண்டியவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

மறுபக்கம், நோயாளியின் உடலைத் தொடுவதையும் ரத்தத்தையும் மலத்தையும் துடைப்பதையும் இழிவாகக் கருதிய சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களைச் செவிலியர் படிப்புக்கு அனுப்ப மறுத்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளி போன்ற மிஷன் நிறுவனங்களுக்குள் போனவர்களில் கிறித்தவப் பெண்களே அதிகம். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பங்களின் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். 1946இல் போர் குழு அறிக்கை கொடுத்தபோது பிரிக்கப்படாத இந்தியா முழுமைக்கும் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர்தான். ஒரு துணைக்கண்டத்துக்கே செவிலியர் பஞ்சம் வந்ததில் தீட்டுக் கோட்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறகு வெளிநாட்டுச் சம்பளம் வந்தது. தீட்டு மெல்லக் கரைந்தது. எங்கள் பகுதியில் நிலத்திலும் லாரியிலும் கோழிப்பண்ணையிலும் சேர்ந்த மூலதனம் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் மாறியபோது நர்சிங்கும் அதில் ஒரு சரக்கானது. ஒரு காலத்தில் யாரும் வர மறுத்த வகுப்பறையை இன்று நம் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அதிலும் போலிச் சரக்கு.

'நம் பெண்களை ஏன் பணிவிடை வேலைக்கு அனுப்ப வேண்டும்? மருத்துவராக ஆக்குவோம்' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஆக்குவோம், அதற்கான போராட்டம் தனியாக நடக்கட்டும். ஆனால் செவிலியர் வேலையைப் பணிவிடை என்று பார்ப்பதிலேயே பழைய தீட்டுப் பார்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனைத் தூய்மைப் பணியில் இருக்கும் அருந்ததியர் பெண்ணின் மகள் அதே மருத்துவமனையில் பதிவு பெற்ற செவிலியராக நுழைவது சாதியின் வேலைப் பிரிவினையில் விழும் அடி. அந்தச் செவிலியருக்குச் சுரண்டல் இல்லை என்று சொல்லவில்லை. தேர்வு வாரியம் மூலம் 2015இல் எடுக்கப்பட்டவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து போராடினார்கள். 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த வல்லுநர் குழு, சிறிய தனியார் மருத்துவமனையானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் போராட்டத்தில் உட்காரவும் அந்த 20,000 ரூபாயைக் கேட்கவும்கூட பதிவேட்டில் பெயர் வேண்டும். பெயரில்லாதவளுக்குச் சங்கமும் இல்லை.

உதவித்தொகை என்னும் தூண்டில்

2012இல் வந்த அரசாணை எண் 92, பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவ மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரிகளின் கட்டாயக் கட்டணத்தை, கட்டண நிர்ணயக் குழு வகுத்த அளவில், அரசே திருப்பித் தரும் என்றது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இப்போது 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பல்லாயிரம் பிள்ளைகளைப் படிக்கவைத்த அருமையான ஆணை. ஏஜென்ட்கள் அதையே தூண்டிலாக்கினார்கள். 'எஸ்.சி.யா? ஒரு ரூபாய் கட்ட வேண்டாம், எல்லாம் ஸ்காலர்ஷிப்' என்பார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகள் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தவருக்கு உதவித்தொகை இல்லை என்றன. ஏஜென்ட் வழியாக நேரடியாகச் சேரும் இடம் பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீடுதான். இரண்டு, 2021 விதிகளின்படி செலவில் ஒன்றிய அரசின் பங்கான 60 விழுக்காடு நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது தாமதமானால் கல்லூரி மாணவியை நெருக்கும். தேர்வுச் சீட்டு தர மாட்டோம், மூலச் சான்றிதழ் தர மாட்டோம் என்று மிரட்டும். சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, கட்டணப் பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு மாணவியின் வீட்டுக்கு வந்துசேர்வதில்லை, மிரட்டல் மட்டும் வந்துசேர்கிறது.

ஆகவே தனியார் கல்லூரிப் படியை மிதிக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களையும், சுயநிதிக் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் பி.எஸ்சி. நர்சிங் இடங்களையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் வைத்து இந்தக் குழுதான் கலந்தாய்வில் நிரப்புகிறது. அரசு செவிலியர் பள்ளிகளின் பட்டயப் படிப்புக்கும் இதே குழுதான். 2009இல் தமிழ்நாடு கொண்டுவந்த 3 விழுக்காடு அருந்ததியர் உள்ஒதுக்கீடு இங்கே உயிரோடு இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீட்டை உறுதி செய்ததை நாம் கொண்டாடினோம். அந்த 3 விழுக்காட்டில் ஓர் இடம் விண்ணப்பிக்க ஆளில்லாமல் போனால் கொண்டாட்டத்துக்கு என்ன பொருள்?

காகிதம் இருந்தாலும் போதுமா?

மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். அங்கே கட்டடமும் ஆசிரியரும் இல்லாத நர்சிங் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்ததாக வழக்கு வந்து, உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 300க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆய்வு செய்யப்பட்டன. 2024 மே மாதம், ஆய்வுக்குப் போன சி.பி.ஐ. அதிகாரிகளில் சிலரே கல்லூரிகளிடம் லஞ்சம் வாங்கியதாகக் கைதானார்கள். தகுதியானவை என்று அவர்கள் சொன்ன கல்லூரிகளையும் மறுபடி ஆய்வு செய்ய நேர்ந்தது. அங்கீகாரக் காகிதமும் சந்தையில் கிடைக்கும் என்றால், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி மட்டுமே.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நமக்கு அருகே, சின்னசேலத்தை அடுத்து இயங்கிவந்த தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மூன்று மாணவிகள் 2016 சனவரியில் கிணற்றில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார்கள். அதிகக் கட்டணம் வாங்குகிறார்கள், பாடம் நடத்துவதில்லை என்று எழுதிவைத்திருந்தார்கள். அதற்கு முன்பே அக்கல்லூரி மாணவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம்வரை போய் முறையிட்டிருந்தார்கள். கேட்கும் காது யாருக்கும் இல்லை.

ஆகவே கல்லூரிக்கு நேரில் போங்கள், தனியாகப் போகாதீர்கள். வரவேற்பறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் மருத்துவமனை எங்கே என்று கேளுங்கள். செவிலியர் படிப்புக்கு 100 படுக்கைகள் கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள், 10 மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பவை நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்கள். படுக்கை இருந்தால் போதாது, அதில் நோயாளி இருக்கிறாரா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவியிடம் எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கேளுங்கள். போன ஆண்டு முடித்த ஒருவரின் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான கல்லூரி உடனே காட்டும். கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள். மூலச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

யார் செய்ய வேண்டும்?

இவ்வளவையும் அந்தக் கரும்பு வெட்டும் அம்மா செய்வார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பட்டியல் ஆங்கிலத்தில், இணையத்தில், மாநில வாரியாக நீளும் அட்டவணைகளில் கிடக்கிறது. அதைத் தமிழில், மாவட்ட வாரியாக, படிப்பும் இடங்களின் எண்ணிக்கையும் ஆண்டும் போட்டு, பிளஸ் டூ முடிவு வரும் நாளில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நல விடுதியிலும் ஒட்டுவதற்கு அரசுக்கு என்ன செலவாகும்? அங்கீகார எண் இல்லாமல் செவிலியர் படிப்புக்கு விளம்பரம் செய்தால் வழக்கு என்று ஆக்குவதில் என்ன தடை?

அடிப்படைக் கேள்வி இடங்களைப் பற்றியது. அரசு இடம் போதுமான அளவு இருந்தால் ஏஜென்ட்டுக்கு ஏது பிழைப்பு? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற மிகச் சில இடங்களில்தான் வெகுகாலம் அரசு பி.எஸ்சி. நர்சிங் இருந்தது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. 2014க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 செவிலியர் கல்லூரிகள் தொடங்கப்படும் என்று ஒன்றிய அரசு 2023 பட்ஜெட்டில் அறிவித்தது. அந்த அறிவிப்பின் ஒவ்வோர் இடத்தையும் கணக்குக் கேட்டு வாங்க வேண்டும். மாநில அரசும் தன் பங்குக்கு மாவட்டத்துக்கு ஓர் அரசு செவிலியர் கல்லூரி என்று அறிவிக்கட்டும்.

அதுவரை? நம் இரவுப் பாடசாலைகளும் படிப்பு வட்டங்களும் ஏப்ரலில் பிறந்தநாள் விழா முடித்த கையோடு மே மாதம் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளட்டும். ஒன்றியத்துக்கு இரண்டு பேர், ஒரு மடிக்கணினி, கவுன்சில் பட்டியல், தேர்வுக் குழு விண்ணப்பம். யார் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தாலும் அங்கே கொண்டுவரட்டும். பட்டியலில் இல்லாத நிறுவனத்தின் நோட்டீசை எடுத்துக்கொண்டு, தனி ஒரு குடும்பமாக இல்லாமல் இயக்கமாக ஆட்சியரிடம் போவோம். சாதி ஒழிப்பு மாநாட்டில் கைதட்டும் நம் கைகளுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரிய வேண்டும்.

கபிலர்மலை ஒன்றியத்துக்கு நான் இருக்கிறேன். இன்னொருவர் வேண்டும்.